குருவிக் கூட்டுக்கும் வரியா?

திருவள்ளூரிலும் கும்மிடிப்பூண்டியிலும் பில் கலெக்டர் தெருவுக்குள் நுழைந்தால் வயிறு கலங்குவது யாருக்கு? மாடி வீட்டுக்காரருக்கா? இல்லை. சிப்காட்டில் நைட் ஷிப்டு பார்த்து, சீட்டு எடுத்து, பெண்டாட்டி நகையை அடகு வைத்து, ஒரு ரூமும் சமையல்கட்டும் கட்டினானே, அந்தத் தொழிலாளிக்குத்தான்!

2022 ஏப்ரலில் தமிழக அரசு சொத்து வரியை ஏற்றியது. சென்னைக்கு வெளியே உள்ள ஊர்களில் 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 25 சதவீதம். 1,800 சதுர அடிக்கு மேல் 100 சதவீதம். சிறிய வீட்டுக்குக் குறைச்சல்தான். ஒத்துக்கொள்வோம். ஆனால் ஏற்றம் ஏற்றம்தானே?

மற்ற ஊர்களைப் பாருங்கள். மும்பையில் 500 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்கு 2022-ல் சொத்து வரியே ரத்து. கேரளாவில் 2023 முதல், சொந்தமாகக் குடியிருக்கும் ஒரு வீடு 60 சதுர மீட்டருக்குள் இருந்தால் வரி இல்லை. நம் கணக்கில் அது சுமார் 645 சதுர அடி!

இங்கே என்ன சலுகை? அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை. உச்சவரம்பு 5,000 ரூபாய். ஆயிரம் ரூபாய் கட்டுகிறவனுக்குக் கிடைப்பது 50 ரூபாய். லட்சம் கட்டுகிறவருக்கு 5,000. யாருக்கு லாபம்?

"வரி இல்லாவிட்டால் தெரு விளக்கு எப்படி எரியும், சாக்கடையை யார் அள்ளுவது?" என்று அதிகாரிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பதிலும் இருக்கிறது.

தொழிற்பேட்டையைச் சுற்றி வரிசையாக ரூம் கட்டி, வடமாநிலத் தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். தலைக்கு இவ்வளவு என்று மாதம் பிறந்தால் வசூல். அந்தக் கட்டடம் எல்லாம் ஏட்டில் எப்படி இருக்கிறது? வாடகைக்கு விட்டதாகவா, சாதாரண வீடாகவா? அளவு டேப்பை எடுத்துக்கொண்டு ஒரு நடை போய்ப் பார்க்கட்டும். அங்கே விட்டதைப் பிடித்தால், இங்கே சிலருக்கு விட்டுக்கொடுக்கலாம்.

எல்லோருக்கும் தள்ளுபடி கேட்கவில்லை. ஒரே வீடு, 600 சதுர அடிக்குள், சொந்தக்காரர் குடியிருக்க வேண்டும். வாடகைக்கு விட்டால் சலுகை கிடையாது. இந்த மூன்றே நிபந்தனை. நகராட்சிக்கும் பேரூராட்சிக்கும் குறையும் பணத்தை அரசு ஈடுகட்ட வேண்டும்.

கோட்டையில் இருப்பவர்கள் யோசிக்கட்டும். குருவிக் கூட்டில் கை வைத்துத்தான் கஜானா நிரம்ப வேண்டுமா?