நல்லா டைட் வெச்சா போதுமா?

மெக்கானிக் கடையில் வண்டியை எடுக்கும்போது நாம் எல்லோரும் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அண்ணே, நட்டெல்லாம் நல்லா டைட் வெச்சிட்டீங்கள்ல?" அவரும் "செம டைட்டு தம்பி, இனி எவனாலயும் கழட்ட முடியாது" என்பார். நாமும் நிம்மதியாகக் கிளம்பிவிடுவோம்.

என்னைக் கேட்டால், அது பயப்பட வேண்டிய பதில். எவனாலும் கழட்ட முடியாத போல்ட் நல்ல போல்ட் இல்லை. தேவையான அளவுக்கு இறுகி நின்று, வேண்டும்போது சேதமில்லாமல் கழன்று வருவதுதான் நல்ல போல்ட். அது கை பலத்தில் இல்லை, கருவியில் இருக்கிறது.

கொஞ்சம் பாடம் பேசிவிடுகிறேன், ஓடிவிடாதீர்கள். போல்ட் என்பது ஒரு வகையில் ஸ்பிரிங்தான். முறுக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவு நீள்கிறது. பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும் அந்த இழுவிசைதான் இரண்டு பாகங்களையும் சேர்த்துப் பிடிக்கிறது. இழுவிசை குறைந்தால் வண்டியின் அதிர்வில் நட்டு தளரும். எல்லை மீறினால் இரும்பு இழுபட்டு நிரந்தரமாக நீண்டுவிடும், அல்லது முறிந்துவிடும். சாம்பாருக்கு உப்பு மாதிரி. குறைந்தாலும் கெட்டது, கூடினாலும் கெட்டது.

இன்னொரு ஆச்சரியம். நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய 90 சதவீதம் மரையிலும் நட்டின் அடியிலும் உராய்வுக்கே போய்விடுகிறது. சுமார் 10 சதவீதம்தான் போல்ட்டை இழுக்கிறது. அதனால் உலர்வாக முறுக்கச் சொன்ன இடத்தில் "சுலபமா ஏறட்டும்" என்று கிரீஸைத் தடவி அதே முறுக்கைக் கொடுத்தால், இழுவிசை கணக்கை மீறிப் போய்விடும். நல்லது செய்வதாக நினைத்துக் கெடுப்பது இப்படித்தான்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. பல சிறிய கார்களின் வீல் நட்டுக்குச் சொல்லப்படும் அளவு சுமார் 85 முதல் 110 நியூட்டன் மீட்டர். கால் மீட்டர் நீளமுள்ள வீல் ஸ்பேனரின் நுனியில் 70 கிலோ ஆள் ஏறி நின்றால் கிடைப்பது சுமார் 170. அதாவது, நாம் தெருவில் அடிக்கடி பார்க்கும் அந்தக் "கால் வெச்சு மிதிக்கிற" டைட், தேவையைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு! சில டயர் கடைகளில் காற்று கன்னை வைத்து டர்ர்ர் என்று ஏற்றுகிறார்களே, அதில் அளவு என்ன என்பது ஏற்றுகிறவருக்கே தெரியாது. ராத்திரி பத்து மணிக்கு பைபாஸில் பஞ்சர் ஆகி, வண்டியோடு வந்த குட்டி ஸ்பேனரை வைத்துக்கொண்டு அந்த நட்டோடு மல்லுக்கட்டுகிறவருக்குத்தான் அதன் அருமை தெரியும்.

கருவிக்கு வருவோம். வாய் திறந்த டபுள் எண்ட் ஸ்பேனர் நட்டின் இரண்டு பக்கங்களை மட்டும் பிடிக்கும். ரிங் ஸ்பேனரும் பாக்ஸ் ஸ்பேனரும் ஆறு மூலைகளையும் சுற்றிப் பிடிக்கும். இறுகிப்போன நட்டை உடைத்து எடுக்க எப்போதும் ரிங்தான். ஸ்க்ரூ ஸ்பேனர் அவசரத்துக்கு மட்டும். அதிலும் சுமை நகராத தாடையில் விழும்படி இழுக்க வேண்டும். கட்டிங் பிளேயரால் நட்டைத் திருகுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். முதல் தடவை மூலை மழுங்கும், இரண்டாம் தடவை நட்டு உருண்டையாகிவிடும், மூன்றாம் தடவை உளியும் சுத்தியலும் வரும்.

நம் பைக்குகளில் உள்ள ஸ்டார் திருகுகளுக்கும் ஒரு கதை உண்டு. ஜப்பானிய வடிவமைப்பில் வந்த வண்டிகளில் பெரும்பாலும் இருப்பது ஜப்பானியத் தர ஸ்டார். நம் கையில் இருப்பதோ பிலிப்ஸ் டிரைவர். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் பள்ளத்தில் முழுதாக உட்காராது. வழுக்கும், தலை தேயும். பழி திருகின் மேல்!

கழட்டுவதற்கு முன் எந்தப் பக்கம் திருக வேண்டும் என்றும் பாருங்கள். சைக்கிளின் இடது பெடலுக்கு இடது மரை. யமஹா பைக்குகள் பலவற்றில் வலது கண்ணாடிக்கும் அப்படியே. தெரியாமல் பலம் கொடுத்தால் கழட்டுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டே இருப்போம்.

மாட்டும்போது முதல் சில சுற்று கையாலேயே ஏற்ற வேண்டும். கையில் ஏறாதது ஸ்பேனரில் ஏறினால், மரை மாறி ஏறுகிறது என்று பொருள். ஆயில் டிரெயின் போல்ட் இரும்பு, எஞ்சின் அடிப்பாகம் அலுமினியம். சண்டை வந்தால் மரை போவது அலுமினியத்துக்குத்தான். சில நூறு ரூபாய் ஆயில் மாற்றும் வேலை பல ஆயிரம் ரூபாய் வேலையாகிவிடும்.

"ஒரு நட்டுக்கா இவ்வளவு பேச்சு?" என்பவர்களுக்கு: 2022 ஜூனில் டொயோட்டா தன் பிஇசட்4எக்ஸ் மின்சாரக் கார்கள் சுமார் 2,700-ஐத் திரும்ப அழைத்தது. காரணம் பேட்டரி இல்லை. சக்கரத்தைப் பிடிக்கும் ஹப் போல்ட்டுகள் தளர்ந்து சக்கரமே கழன்றுவிடலாம் என்பதுதான். சரிசெய்யும்வரை ஓட்ட வேண்டாம் என்றே சொன்னார்கள். அத்தனை பெரிய நிறுவனத்தையே ஒரு போல்ட் நிறுத்தி வைத்தது.

இதில் மெக்கானிக் அண்ணனை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. அளவு காட்டும் டார்க் ரெஞ்ச் சில ஆயிரம் ரூபாய். நாமோ லேபர் சார்ஜில் ஐம்பது ரூபாய் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுகிறோம். அவர் எதை வைத்து வாங்குவார்? அதோடு எஞ்சினியரிங் படிக்கும் நம் லட்சணத்தையும் பார்க்க வேண்டும். முறுக்கு, இழுவிசை, விட்டம் என்று சூத்திரம் போட்டுப் பத்து மதிப்பெண் வாங்கிவிடுவோம். டார்க் ரெஞ்சைக் கையில் பிடித்து அந்த "டிக்" சத்தத்தைக் கேட்டவர்கள் வகுப்பில் எத்தனை பேர்? ஒவ்வொரு மாணவனும் ஒரு போல்ட்டையாவது அளவோடு முறுக்கி, இன்னொன்றை முறியும்வரை முறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் தேர்வு எழுத வேண்டும் என்று நான் சொல்வேன். எங்கே நிறுத்துவது என்பது கைக்குத் தெரிந்தால் பிறகு மறக்காது.

அடுத்த முறை வண்டியை எடுக்கும்போது கேள்வியைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்கள். "டைட்டா?" என்று கேட்காதீர்கள். "அண்ணே, எவ்வளவுல வெச்சீங்க?" என்று கேளுங்கள். முதலில் மரை கழண்ட கேஸ் மாதிரி நம்மைப் பார்ப்பார். பரவாயில்லை. நாலு பேர் கேட்டால், ஐந்தாவது ஆள் வருவதற்குள் கடையில் ஒரு டார்க் ரெஞ்ச் தொங்கும்.