பள்ளிக்கூடமும் ஆன்ம சோதனை செய்யட்டும்



பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் பக்கம் வெயிலோடு சேர்ந்து பள்ளிக்கூட ஃப்ளெக்ஸும் ஏறிவிடும். லால்பேட்டை கடைத்தெருவில் பஸ்ஸுக்கு நின்றால், எதிரே கம்பத்தில் ஒரு கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளியின் ஆண்டு விழா. பக்கத்தில் இன்னொன்று: எல்.கே.ஜி. அட்மிஷன் நடைபெறுகிறது, வேன் வசதி உண்டு. தேவதை இறக்கை கட்டிய ஒரு பெண் குழந்தை சிரிக்கிறது. பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம். இது ஒரு பள்ளியின் கதை இல்லை.

இந்தப் பருவத்தில் அந்தப் பள்ளிகளில் என்னென்ன நடக்கும் என்று அங்கே படித்தவர்களுக்குத் தெரியும். சாம்பல் புதனோடு தவக்காலம் தொடங்கும். வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதை. வகுப்பில் ஓர் உண்டியல். மிட்டாய் வாங்காமல் மிச்சம் பிடித்த காசை ஏழைகளுக்காக அதில் போட வேண்டும். நடுவில் விளையாட்டு விழா, ஆண்டு விழா. பிறகு குருத்தோலை ஞாயிறு, பெரிய வெள்ளி, ஈஸ்டர். அதை ஒட்டி முழு ஆண்டுத் தேர்வு. லீவு விட்டதும் புதுநன்மை வகுப்பு.

புதுநன்மைக்கு முன் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சி உண்டு. பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும் முன் தனியாக உட்கார்ந்து, செய்த தப்பை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு ஆன்ம சோதனை என்று பெயர். பக்கத்தில் இருந்தவனின் பென்சிலை எடுத்ததைக்கூட எட்டு வயதுக் குழந்தை மறக்காமல் சொல்ல வேண்டும்.

என் கேள்வி இவ்வளவுதான். எட்டு வயதுக் குழந்தைக்கு இருக்கும் இந்தக் கடமை பள்ளிக்கூடத்துக்கு இல்லையா?

ஒரே காம்பவுண்டு, இரண்டு கேட்

பல ஊர்களில் மாதா கோயிலை ஒட்டி இரண்டு பள்ளி இருக்கும். ஒன்று அரசு உதவி பெறும் தமிழ்வழித் தொடக்கப் பள்ளி. பழைய கட்டடம். ஆசிரியர் சம்பளம் அரசு கொடுக்கிறது, மதியச் சோறும் அரசு கொடுக்கிறது. சேரிப் பிள்ளைகள் அதிகம் வருவது இங்கேதான். இன்னொன்று ஆங்கில வழிப் பள்ளி. டை, ஷூ, வேன், ஃபீஸ்.

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தைக் கிராமப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கு விரிவாக்கியது 2024 ஜூலை 15 அன்று. தொடங்கிவைத்த இடம் திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் உள்ள புனித அன்னாள் தொடக்கப் பள்ளி. 2025 ஆகஸ்ட் 26 அன்று நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கு விரிவாக்கியபோது தொடங்கிவைத்த இடம் மயிலாப்பூர் புனித சூசையப்பர் தொடக்கப் பள்ளி. இரண்டும் கத்தோலிக்கப் பள்ளிகள். வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைகளுக்கு இப்படிப்பட்ட பள்ளிகள் இன்றும் கதவு திறந்து வைத்திருக்கின்றன. அதற்கு நன்றி சொல்வதில் நமக்குக் கஞ்சத்தனம் இல்லை.

ஆனால் ஆண்டு விழா ஃப்ளெக்ஸில் வருவது எந்தப் பள்ளி? பொங்கலும் உப்புமாவும் சாப்பிடும் பள்ளியா, டை கட்டிய பள்ளியா? சபையின் பணமும் கவனமும் எந்தக் கேட் வழியாக உள்ளே போகிறது?

இந்தக் கேள்வியை முதலில் கேட்டது நானில்லை. தலித் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கலாம் என்று கன்னியர் மடத்தில் சேர்ந்தவர் பாமா. மடத்துப் பள்ளி வசதியுள்ளவர்களின் பிள்ளைகளுக்காக நடப்பதைப் பார்த்து வெளியே வந்தார். அந்த அனுபவத்திலிருந்து வந்த ‘கருக்கு’ 1992இல் வெளியானது. முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. நாம் அதைப் பாடத்தில் படித்து மார்க் வாங்குகிறோம். மடங்கள் படித்தனவா?

என் அக்கா மகளை ஒரு கான்வென்ட்டில் எல்.கே.ஜி. சேர்க்கப் போனபோது நானும் கூடப் போனேன். குழந்தையிடம் கேட்டது நிறம், பழம், பெயர். அக்காவிடம் கேட்டது, “வீடு எங்கம்மா, எந்தத் தெரு?” அக்கா சொன்னதும் சிஸ்டர் நிமிர்ந்து பார்த்துவிட்டு ஏதோ எழுதிக்கொண்டார். “லிஸ்ட் போடுவோம், பார்த்துக்கோங்க” என்றார். லிஸ்ட்டில் குழந்தையின் பெயர் இல்லை. யாரும் சாதியைக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமே இல்லை. தெருப் பெயர் போதும். ‘காலனி’ என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். சொல்லை எடுத்துவிடலாம். அந்த நிமிர்ந்து பார்க்கும் பார்வையை எந்த அரசாணை எடுக்கும்?

ரிஜிஸ்டரில் காணாமல் போகும் பிள்ளை

“எங்கள் பள்ளியில் தலித் பிள்ளைகள் எத்தனை பேர்” என்று கேட்டால் பதில் கிடைப்பது கஷ்டம். மனம் இல்லாதது ஒரு காரணம். இன்னொரு காரணம் ரிஜிஸ்டர்.

1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி என்பதை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறித்தவ, இஸ்லாமியத் தலித்துகள் இன்றும் வெளியே. தமிழ்நாட்டில் தலித் கிறித்தவர் பி.சி. பட்டியலில் இருக்கிறார். கல்வி உதவித்தொகை என்று வரும்போது மட்டும் ‘மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிடர்’ என்று அரசே அவரை அடையாளம் காண்கிறது. 2023 ஏப்ரல் 19 அன்று, இவர்களையும் எஸ்.சி. பட்டியலில் சேர்க்க ஒன்றிய அரசைக் கோரும் தீர்மானத்தை நம் சட்டமன்றம் நிறைவேற்றியது. தீர்மானம் டெல்லியில் கிடக்கிறது.

விளைவு என்ன? சேரியிலிருந்து நடந்து வருகிற மரியாவும் ஊர்த்தெருவிலிருந்து வருகிற மரியாவும் பள்ளி ரிஜிஸ்டரில் ஒரே பி.சி. யாரைச் சேர்த்தோம், யாரைத் திருப்பி அனுப்பினோம் என்ற கணக்கு அந்த இரண்டு எழுத்துக்குள் புதைந்துவிடுகிறது. சட்டம் செய்த அநியாயம்தான் இது. ஆனால் ஞானஸ்நான ரிஜிஸ்டரும் குடும்பப் பட்டியலும் பங்குச் சாமியார் கையில் இருக்கின்றன. எந்தக் குடும்பம் எந்தத் தெரு என்று அவருக்குத் தெரியாதா? கல்லறைத் தோட்டத்தில் இடம் ஒதுக்கத் தெரிந்தவர்களுக்கு வகுப்பறையில் இடத்தை எண்ணத் தெரியாதா?

“இது ஆர்.எஸ்.எஸ். பேசுகிற பேச்சு”

நான் இதைப் பேசும்போதெல்லாம் நல்ல எண்ணம் உள்ள ஒரு பாதர் சொல்வார்: “தம்பி, நேரம் சரியில்லை. நீங்கள் பேசுவதை அவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.” பயம் பொய்யில்லை. 2022இல் மைக்கேல்பட்டி மாணவியின் மரணத்தை மதமாற்றப் பிரச்சினையாக்க என்ன பாடுபட்டார்கள் என்று பார்த்தோம். ஆதிவாசிகளுக்காகப் பேசிய ஸ்டேன் சுவாமியைச் சிறைக் கைதியாகவே 2021இல் சாகவிட்டவர்கள் அவர்கள்.

அதனால் தெளிவாகச் சொல்லிவிடுவோம். அரசியல் சட்டத்தின் 30ஆவது பிரிவு, சிறுபான்மையினர் கல்வி நிறுவனம் நடத்தும் உரிமை. அதை நாம் காப்போம். லால்பேட்டை மதரசாவுக்கும் அந்த உரிமை வேண்டும், கடலூர் கான்வென்ட்டுக்கும் வேண்டும். ஆனால் அந்தக் கவசத்துக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. 2014 மே 6 அன்று பிரமதி வழக்கில் உச்ச நீதிமன்றம், கட்டாயக் கல்விச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்றது. தனியார் பள்ளிகளுக்குரிய 25 சதவீத இடம் அங்கே இல்லை. குழந்தையையும் பெற்றோரையும் வடிகட்டுவதற்கு அந்தச் சட்டம் போட்ட தடையும் இல்லை. உதவி பெறும் பள்ளியில் சம்பளம் அரசுடையது. ஆனால் ஆசிரியர் நியமனத்தில் இடஒதுக்கீடு கட்டாயமில்லை. அந்தத் தீர்ப்பு சரியா என்று 2025 செப்டம்பர் 1 அன்று இரண்டு நீதிபதிகள் கொண்ட அமர்வே ஐயம் எழுப்பி, பெரிய அமர்வு பார்க்கட்டும் என்று தலைமை நீதிபதியிடம் அனுப்பியிருக்கிறது.

தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் 2021 அறிக்கை, சிறுபான்மைப் பள்ளிகளில் பின்தங்கிய, நலிந்த பிரிவுப் பிள்ளைகள் 8.76 சதவீதம்தான் என்றது. அந்த அறிக்கையை வைத்து மோடி ஆதரவாளர்கள் என்ன செய்ய நினைக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். அவர்களுக்குத் தலித் குழந்தை ஒரு தடி. அடித்து முடிந்ததும் தூக்கிப் போடுவார்கள். அந்தத் தடியைப் பிடுங்க ஒரே வழி, தடிக்கு வேலை இல்லாமல் செய்வது. நீதிமன்றம் சொல்லும்வரை காத்திராமல் சபையே கதவைத் திறக்கட்டும். யாருக்குப் பேச வாய் இருக்கும்?

எழுதி வைத்ததைத்தான் கேட்கிறோம்

நாம் புதிதாக எதையும் கேட்கவில்லை. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே தலித் மேம்பாட்டுக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. நாட்டின் 1.9 கோடி கத்தோலிக்கரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்று அதிலேயே இருக்கிறது. திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை அதிலேயே ஒப்புக்கொண்டார்கள். தவறை ஒப்புக்கொள்வது பாவசங்கீர்த்தனத்தில் பாதிதான். மீதிப் பாதி பரிகாரம். அதுவும் அவர்கள் சொல்லிக்கொடுத்ததுதான்.

பரிகாரம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நம் புதுச்சேரி–கடலூர் உயர் மறைமாவட்டத்துக்குத் தெரியும். 2008 மார்ச் 9, தவக்காலத்தின் ஐந்தாம் ஞாயிறு. தனிப் பங்கு கேட்டதற்காக எறையூரில் தலித் கிறித்தவர்களின் வீடுகளைச் சக கிறித்தவர்களே தாக்கினார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். இரண்டு தரப்பும் ஒரே பைபிளைப் படித்தவர்கள். சாதியைப் பற்றிப் பேசாத பள்ளிக்கூடம் நடுநிலையில் நிற்பதாக நினைத்துக்கொள்கிறது. எறையூர் கற்பிப்பது வேறு.

போய்க் கேட்டால் நடக்குமா? ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் 1745ஆம் ஆண்டுப் பதிவு ஒன்று இருக்கிறது. காரைக்கால் கோயிலில் பறையர்களைப் பிரித்த சுவரைப் பாதிரியார் இடித்துவிட்டார் என்று கேள்விப்பட்டு, புதுச்சேரிச் சேரி மக்கள் திரண்டு போய்ப் பெரிய பாதிரியாரிடம் நியாயம் கேட்டார்கள். அங்கேயும் சுவர் இடிந்தது. மேல்சாதிக் கிறித்தவர்கள் குதித்தார்கள். ஆனாலும் இடிந்தது. 1916இல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பள்ளியைத் தொடங்கியபோதும் யாரும் கூப்பிட்டு இடம் கொடுக்கவில்லை. நம் ஆட்கள் போய்க் கேட்டார்கள். கிடைக்காத இடத்தில் தாங்களே கட்டினார்கள்.

ஆகவே இந்தப் பருவத்தில் செய்ய வேண்டிய வேலை இது. இரண்டு பேர், மூன்று பேராகப் போங்கள். கூட்டமாகப் போய்ச் சின்னப் பிள்ளைகளை மிரள வைக்காதீர்கள். எந்தக் குழந்தையிடமும் சாதியைக் கேட்காதீர்கள். நமக்கு வேண்டியது எண்ணிக்கை, பெயர் அல்ல. தாளாளரிடம் எழுத்தில் நான்கு கேள்வி கொடுங்கள்:

ஒன்று. சென்ற ஆண்டு எத்தனை தலித் குழந்தைகள், தலித் கிறித்தவர்களையும் சேர்த்து, விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் சேர்ந்தார்கள்? தமிழ்வழிப் பள்ளிக்கும் ஆங்கிலவழிப் பள்ளிக்கும் தனித்தனியாக.

இரண்டு. ஆசிரியர்களில் தலித்துகள் எத்தனை பேர்? துப்புரவுப் பணியில் எத்தனை பேர்?

மூன்று. கட்டணச் சலுகை எத்தனை பேருக்கு, என்ன அடிப்படையில்?

நான்கு. ஏப்ரல் 14க்கு என்ன செய்கிறீர்கள்?

உதவி பெறும் பள்ளி பதில் தராவிட்டால் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். நான்காவது கேள்வி அலங்காரத்துக்கு இல்லை. அம்பேத்கர் பிறந்த நாளைச் சமத்துவ நாள் என்று 2022இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அன்று விடுமுறை என்று தட்டிக்கழிப்பார்கள். கிறிஸ்துமஸும் விடுமுறைதான்; அதை நான்கு நாள் முன்பே மேடை போட்டுக் கொண்டாடத் தெரிகிறதே! 2025இல் ஏப்ரல் 14 குருத்தோலை ஞாயிறுக்கு மறுநாள், புனித வாரத் திங்களில் வந்தது. கழுதை மேல் ஏறி வந்த ஏழைத் தச்சனைக் கையில் ஓலையோடு வரவேற்றவர்கள், வகுப்புக்கு வெளியே சாக்கில் உட்கார்ந்து படித்த ஒரு பையனைப் பற்றி அந்த வாரத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கலாம். இரண்டு கதையும் அவ்வளவு தூரத்தில் இல்லை.

அடுத்த ஆண்டு விழா ஃப்ளெக்ஸில் எத்தனை சென்டம் என்று போடும் இடத்துக்குக் கீழே இந்த எண்களும் இருக்கட்டும். அன்றைக்கு அந்த மேடைக்கு முன்னால் நாமும் உட்கார்ந்து கை தட்டுவோம்.

ஜெய்பீம்.