ஐந்து வாட் ஆம்ப் அமைதியானது என்று யார் சொன்னது?

சிறுசேரி சிப்காட்டைச் சுற்றி நாவலூர், தாழம்பூர், படூர், கேளம்பாக்கம் என்று வரிசையாக எழும்பியிருக்கும் அடுக்குமாடிகளில் எலக்ட்ரிக் கிதார் இன்று அபூர்வப் பொருள் அல்ல. கல்லூரி நாட்களில் பேண்டில் வாசித்தவர் ஐடி வேலைக்கு வந்து கையில் நாலு காசு சேர்ந்ததும் முதலில் வாங்குவது ஒலியை மாற்றும் பெடல்கள். ஒன்று இரண்டாகி, இரண்டு ஆறாகி, பெடல்போர்டு நிறைந்த பிறகு டியூப் ஆம்ப் ஆசை வரும். அப்போது கடைக்காரரும் நண்பர்களும் சொல்வது ஏறக்குறைய ஒரே வாசகம்: "ஃபிளாட்டுக்கு அஞ்சு வாட் போதும். சத்தம் கம்மி, சீக்கிரமே டிரைவ் ஆயிடும்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் பெடல் வைத்து வாசிப்பவருக்கு இதைவிடத் தவறான யோசனை கிடையாது. டியூப் ஆம்ப் சூடேறித் தானாகக் கரகரக்கும் நிலைக்கு வந்துவிட்டால் அங்கே சத்தம் கம்மியாக இருக்காது. சத்தம் கம்மியாக இருக்கும்போது அந்தக் கரகரப்பு வராது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் விற்கிறார்கள், நாமும் வாங்கிக்கொள்கிறோம்.

கணக்கைப் பார்த்துவிடலாம். வாட்டும் சத்தமும் நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய ஏறத்தாழ பத்து மடங்கு வாட் வேண்டும். 100 வாட் ஆம்ப் 5 வாட்டைவிட இருபது மடங்கு இரைச்சலாக ஒலிக்காது, சுமார் இரண்டரை மடங்குதான். 15 வாட்டுக்கும் 5 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் 5 டெசிபலைக்கூடத் தொடாது. உண்மையில் சத்தத்தைப் பெரிதும் தீர்மானிப்பது ஸ்பீக்கர். செலஸ்டியன் விண்டேஜ் 30 என்ற பிரபலமான 12 அங்குல ஸ்பீக்கருக்கு ஒரே ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 100 டெசிபல் வரும். 5 வாட் கொடுத்தால் 107. சின்ன ஆம்ப்களில் வரும் 8 அங்குல ஸ்பீக்கர் இதைவிடச் சில டெசிபல் குறைவாகத் தரும் என்றாலும் படுக்கையறையில் அது பெரிய ஆறுதல் இல்லை. இதையே கீழ்நோக்கிப் போட்டுப் பாருங்கள். அதே ஸ்பீக்கரில் 70 டெசிபல், அதாவது சாதாரணப் பேச்சைவிடக் கொஞ்சம் உரக்க, கேட்க வேண்டுமானால் தேவைப்படுவது ஒரு மில்லிவாட். வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு! பெட்டியின் முதுகில் 5 என்று எழுதியிருந்தாலும் 20 என்று எழுதியிருந்தாலும் வீட்டில் வாசிக்கும்போது அவுட்புட் டியூப்கள் அரைத்தூக்கத்தில்தான் இருக்கின்றன. காதில் விழுவது பிரீஆம்ப், டோன் கன்ட்ரோல், ஸ்பீக்கர், பெடல் இவற்றின் வேலை.

சட்டம் இந்தக் கணக்கை இன்னும் இறுக்குகிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு வகுத்திருக்கும் அளவு பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல். தனியார் இடத்தில் ஒலிக்கும் கருவியின் சத்தம் அந்த இடத்தின் எல்லையில் இந்த அளவை 5 டெசிபலுக்கு மேல் மீறக் கூடாது. ஷிப்ட் முடித்து, ஓஎம்ஆர் டிராஃபிக்கைத் தாண்டி வீடு சேர்ந்து கிதாரைக் கையில் எடுக்கும் நேரமும் அந்த 10 மணியும் பலருக்கு ஒன்றாகவே அமைந்துவிடுகிறது. சுவர் காப்பாற்றும் என்பார்கள். ஓரளவுக்குத்தான். பால்கனிக் கண்ணாடிக் கதவும், குளியலறை ஷாஃப்டும், வாசற்கதவின் கீழ் இடுக்கும் சுவரின் வேலையைக் கெடுத்துவிடும். கிதாரின் தடித்த ஆறாவது தந்தி 82 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. ஆம்பைத் தரையில் வைத்தால் அந்த அடித்தொனி கான்கிரீட் வழியாகவே கீழ்வீட்டுக்கு இறங்கும். ஒரு நாற்காலி மேலோ கனத்த ஃபோம் மேலோ தூக்கி வைத்தாலே அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் வரும் புகார்களில் ஒரு பகுதி குறையும். நீச்சல் குளமும் ஜிம்மும் மினி தியேட்டரும் கட்டித் தரும் பில்டர்கள் ஒலி வெளியேறாத ஓர் அறையை ஏன் கட்டுவதில்லை என்பது தனிக் கேள்வி.

இனி பெடல் பக்கம் வருவோம். பெடல் ஆம்பிடம் கேட்பது ஒன்றுதான்: நான் அனுப்புவதை அப்படியே வெளியே விடு. கிதாரிஸ்டுகள் இதை கிளீன் ஹெட்ரூம் என்கிறார்கள். டிலே பெடலை எடுத்துக்கொள்வோம். அசல் சுரம் ஒன்று ஒலிக்கிறது, அதன் எதிரொலிகள் படிப்படியாகத் தேய்ந்து பின்னால் வருகின்றன. இது ஏற்கெனவே கரகரத்து டிஸ்டார்ட் ஆகிக்கொண்டிருக்கும் ஆம்பின் முன்வாசலுக்குப் போனால், ஆம்ப் பெரிய சத்தத்தை நசுக்கிச் சின்னதைத் தூக்கிவிடும். தேய வேண்டிய எதிரொலி அசலின் உயரத்துக்கே வந்து நிற்கும். அடுத்த சுரம் வந்ததும் பழையதும் புதியதும் சேர்ந்து அரைபடும். ரிவர்புக்கும் இதே கதிதான். இதற்காகத்தான் எஃபெக்ட்ஸ் லூப் வந்தது. பிரீஆம்பில் டிஸ்டார்ஷன் முடிந்த பிறகு டிலேயும் ரிவர்பும் உள்ளே நுழைய அது இடம் தரும். ஓவர்டிரைவ் பெடலின் கதை வேறு. 1979-இல் வந்த ஐபனெஸ் டியூப் ஸ்கிரீமர் அடித்தொனியைக் கழித்து நடுத்தொனியை முன்னே தள்ளும். நடுத்தொனி குழிந்திருக்கும் ஃபெண்டர் வகை ஆம்புக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது. நடுத்தொனி ஏற்கெனவே தடித்திருக்கும் ஆம்பில் அதே பெடல் மூக்கடைத்த குரலாகிவிடும். பெடலோடு ஒத்துப்போகுமா என்பதைச் சொல்லும் விஷயங்கள் இவைதான். வாட் எண்ணில் இது எதுவும் தெரியாது.

நம் ஊர்க் காதுக்கு இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. மாண்டலினை எலக்ட்ரிக்காக மாற்றி ஐந்து தந்தியோடு கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவர் உ. ஸ்ரீநிவாஸ். சாதாரண மாண்டலினில் ஒலி சட்டென்று அணைந்துவிடும், கமகத்தைப் பிடித்து இழுக்க நேரம் இருக்காது. மின்சாரம் அந்த நேரத்தை வாங்கித் தந்தது. எலக்ட்ரிக் கிதாரில் கர்நாடக இசை வாசிக்கும் ஆர். பிரசன்னா 2006-இல் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் நினைவாக 'எலக்ட்ரிக் கணேஷா லேண்ட்' ஆல்பத்தைக் கொண்டுவந்தார். நீண்டு ஒலிக்கும் ஒற்றைச் சுரத்துக்கு டிஸ்டார்ஷன் நல்ல துணை. ஆனால் இரண்டு சுரங்களை ஒன்றாக மீட்டினால் டிஸ்டார்ஷன் அவற்றின் கூட்டல், கழித்தல் அதிர்வெண்களையும் தானாக உண்டாக்கும். சுருதி விலகிய ஏதோ ஒன்று நடுவில் உறுமுவது போல் இருக்கும். ராகம் வாசிப்பவருக்கும் ஜாஸ் கார்டு பிடிப்பவருக்கும் டிஸ்டார்ஷனைக் காலால் அணைக்க முடிய வேண்டும். பெடலில் இருந்தால் அணைக்கலாம், ஆம்பில் ஊறிப்போயிருந்தால் முடியாது.

அப்படியானால் எதை வாங்குவது? பெடல்காரருக்கு என் பரிந்துரை 10 முதல் 20 வாட்டுக்குள், மாஸ்டர் வால்யூமோ பவரைக் குறைக்கும் சுவிட்சோ உள்ள, எஃபெக்ட்ஸ் லூப் உள்ள, பேஸ், மிடில், டிரெபிள் மூன்றையும் தனித்தனியாகத் திருப்ப முடிகிற ஆம்ப். மார்ஷல் ஒரிஜின் 20 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு: 20, 3, அரை வாட் என்று மாற்றலாம், லூப் உண்டு. ஆரஞ்சு ராக்கர் 15 அரை வாட் வரை இறங்கும், லூப் உண்டு, ஆனால் அதன் இயல்பே கொஞ்சம் முரட்டுத்தனம். ஃபெண்டர் பிரின்ஸ்டன் ரிவர்ப் 12 வாட்தான். லூப் இல்லை, மாஸ்டர் இல்லை, இருந்தும் பெடல்காரர்கள் அதை விடுவதில்லை. அதன் பிரீஆம்ப் அவ்வளவு தெளிவு, ரிவர்பும் உள்ளேயே இருக்கிறது. அதே கம்பெனியின் புளூஸ் ஜூனியரில் 15 வாட்டும் மாஸ்டரும் உண்டு, லூப் கிடையாது. டிலேயை நம்பி வாசிப்பவர் இதை யோசித்து வாங்க வேண்டும். 5 வாட் என்றாலே ஒதுக்கிவிட வேண்டும் என்பதும் இல்லை. பிளாக்ஸ்டார் எச்டி-5ஆர் 5 வாட்தான், ஆனால் அதில் லூப் இருக்கிறது. நான் குறை சொல்வது ஒற்றை வால்யூம் குமிழோடு வரும் பழைய பாணிச் சின்னப் பெட்டிகளை. அவற்றில் வீட்டுக்குத் தேவையான சத்தமெல்லாம் குமிழின் முதல் மயிரிழைத் திருப்பிலேயே முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை டிரம்ஸோடு ஜாம் பண்ணப் போனால் அதே பெட்டி மூச்சுமுட்டி, பெடல்போர்டு முழுவதையும் ஒரே கூழாக்கிவிடும்.

இதற்கு மறுப்பு உண்டு, வலுவான மறுப்புதான். 1970-இல் எரிக் கிளாப்டன் 'லைலா' பதிவில் பயன்படுத்தியது ஃபெண்டர் சாம்ப் என்ற குட்டி ஆம்ப். சின்ன ஆம்பைத் திணறவைத்துப் பெற்ற ஒலிதானே அது என்று கேட்கலாம். ஆமாம். ஆனால் அது ஸ்டுடியோ. ஆம்பை முழுக்கத் திருகி, அதன் முகத்துக்கு நேரே மைக்கை நிறுத்திப் பிடிக்கும் ஒலி அது, பக்கத்து அறையில் யாரும் தூங்கவில்லை. இன்னொரு கேள்வி: ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே அட்டெனுவேட்டர் போட்டுச் சத்தத்தை மட்டும் விழுங்கிவிட்டால் என்ன? போடலாம். டியூப் திணறும் ஒலி மெதுவான சத்தத்தில் கிடைக்கும். என்றாலும் பதிவில் கேட்ட தடிப்பு வராது, அதற்குக் காரணம் காதுதான். சத்தம் குறையக் குறைய அடித்தொனியும் உச்சத்தொனியும் நமக்கு மற்றவற்றைவிட வேகமாக மங்கும் என்பதை பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். வீட்டில் ஒலி மெலிந்து கேட்டால் வாட்டைக் கூட்ட வேண்டியதில்லை, பேஸைக் கொஞ்சம் ஏற்றினால் போதும். மூன்று டோன் குமிழ் வேண்டும் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதைவிடப் பெரிய கேள்வி, டியூப் எதற்கு என்பது. பாஸ் கட்டானா 50 டியூப் இல்லாத ஆம்ப். அதிலும் அரை வாட் சுவிட்ச் உண்டு, ஹெட்ஃபோன் மாட்டலாம், விலையும் குறைவு. இரவு பத்து மணிக்கு மேல்தான் வாசிக்க முடியும் என்பவருக்கு அதுவே சரியான பதில், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வீட்டுச் சத்தத்தில் அவுட்புட் டியூப் அரைத்தூக்கத்தில்தான் இருக்கிறது என்று மேலே நானே சொல்லிவிட்டதால், டியூபின் பெருமையில் பாதியை இங்கே விட்டுக்கொடுத்தாக வேண்டும். மிச்சமிருக்கும் பாதி என்னவென்றால், நல்ல டியூப் பிரீஆம்புக்கு முன்னால் வைத்த ஓவர்டிரைவ் பெடல் விரலின் அழுத்தத்துக்கும் கிதார் வால்யூம் குமிழுக்கும் உடனுக்குடன் பதில் சொல்லும் விதம். பகலில் ஒரு மணி நேரமாவது வாசிக்க வாய்ப்புள்ளவருக்கும் மாதம் இரண்டு முறை வெளியே ஜாமுக்குப் போகிறவருக்கும் அது காசு கொடுக்கத் தகுந்த விஷயம். ஓர் எச்சரிக்கை: இரவில் சத்தம் வேண்டாம் என்று டியூப் ஆம்பின் ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு வாசிக்கக் கூடாது. சுமை இல்லாமல் ஓடினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோகலாம். அதற்கென்று லோட் பாக்ஸ் இருக்கிறது, சில ஆம்ப்களில் உள்ளேயே இருக்கும்.

கடைசியாக, கடையில் யாரும் சொல்லாத பராமரிப்புச் சமாச்சாரம். ஒரு காலத்தில் பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் வால்வு, அதாவது டியூப், தயாரித்தது, நம் வீட்டு வால்வு ரேடியோக்கள் அதில் பாடின. இப்போது உலகத்துக்கே டியூப் வருவது பெரும்பாலும் ரஷ்யா, ஸ்லோவாகியா, சீனா என்ற மூன்று நாடுகளிலிருந்து. 2022-இல் உக்ரைன் போரை ஒட்டி ரஷ்யச் சரக்கு தடைப்பட்டபோது விலை எகிறியது. அதனால் எங்கும் கிடைக்கும் இசிசி83, இஎல்84, 6வி6 டியூப்களில் ஓடும் ஆம்பே புத்திசாலித்தனம். கடற்காற்றில் டியூப் சாக்கெட்டும் வால்யூம் குமிழும் கரகரக்கத் தொடங்கும், கான்டாக்ட் கிளீனர் ஒரு டப்பா வீட்டில் இருக்கட்டும். வோல்டேஜ் ஏறி இறங்கும் தெருவில் ஸ்டெபிலைசர் வேண்டும். ஆன்சைட் போன இடத்தில் மலிவாகக் கிடைத்தது என்று அமெரிக்காவிலிருந்து 120 வோல்ட் ஆம்பைத் தூக்கி வருகிறவர்கள் சிறுசேரியில் குறைவில்லை. இங்கே 230 வோல்ட்டைக் குறைத்துத் தர ஒரு டிரான்ஸ்ஃபார்மர் வாங்க வேண்டும். அது வோல்டேஜைக் குறைக்கும், 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. 60 ஹெர்ட்ஸை மட்டும் நினைத்துச் சிக்கனமாகச் சுற்றிய பவர் டிரான்ஸ்ஃபார்மர் 50-இல் கூடுதலாகச் சூடாகும், அதுவும் நம் மே மாதத்தில். அங்கே மிச்சம் பிடித்த டாலரிலிருந்து அந்த டிரான்ஸ்ஃபார்மரின் விலையையும், இங்கே செல்லாத வாரண்டியையும் கழித்த பிறகு எவ்வளவு மிஞ்சுகிறது என்று விமானம் ஏறும் முன் பார்த்துவிடுவது நல்லது.