வானொலி நெல்லும் ‘சோம்பேறி’க் கூலியாளும்

யூடியூபில் பொருளாதாரம் பேசுகிறவர்களை நம் மாணவர்கள் நிறையக் கேட்கிறார்கள். கேட்கட்டும். வட்டி, விலைவாசி, பட்ஜெட் எல்லாம் நமக்கும் தெரிய வேண்டியவைதான். ஆனால் ‘நூறு நாள் வேலை வந்த பிறகு வயலுக்கு ஆள் வருவதில்லை, சனங்கள் சோம்பேறியாகிவிட்டார்கள்’ என்று பேச்சு திரும்பும்போது மட்டும் வீடியோவை ஒரு நிமிடம் நிறுத்துங்கள். அந்த வாக்கியத்தில் பொருளாதாரத்தைவிடச் சாதி அதிகம்.

தஞ்சை டெல்டாவுக்கு இந்தப் பேச்சு புதிதில்லை. இங்கே ஒரு நெல்லுக்கே ‘வானொலி நெல்’ என்று பெயர் இருந்தது. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் 1960களில் கொடுத்த ஏடிடி 27 என்ற குறுவை ரகம் அது. திருச்சி வானொலி அதைப் பற்றித் தொடர்ந்து பேசியதால் பரவி, வானொலியின் பெயரையே வாங்கிக்கொண்டது. தஞ்சை மாவட்டம் அப்போது தீவிர வேளாண்மைத் திட்டத்தின் கீழ் இருந்தது. விதை, உரம், கடன் எல்லாம் ஒன்றாக வந்தன. லாபக் கணக்கைப் போட்டுப் பார்த்துப் புது விதைக்கு மாறிய நிலக்காரரை ‘முற்போக்கு விவசாயி’ என்று கொண்டாடினார்கள்.

அதே கணக்கைச் சேரியும் போட்டது. விளைச்சல் கூடினால் கூலி நெல்லும் கூட வேண்டாமா? கீழத்தஞ்சையில் தலித் கூலித் தொழிலாளர்கள் கேட்டது அரைப்படி நெல் அதிகம். முன்பே 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்திருந்தது. சாட்டையடிக்கும் சாணிப்பாலுக்கும் எதிராகச் சங்கம் கட்டிய மக்கள், சட்டத்தையும் கூலியையும் சேர்த்தே பேசத் தெரிந்தவர்கள். ஆனால் அவர்களுடைய கணக்குக்குக் கிடைத்த பெயர் கலகம். நிலக்காரர்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் என்று திரண்டார்கள். நடவு நட்டு அறுத்தவர்கள் அந்தச் சங்கத்தின் கண்ணில் உற்பத்தியாளர்கள் இல்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும்.

வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பெரிய நிலக்காரர்கள், கார் வைத்திருப்பவர்கள், தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்பதை நீதிமன்றத்தால் நம்ப முடியவில்லை. விடுதலை செய்தது. ‘மனிதர்கள் இப்படித்தான் நடந்துகொள்வார்கள்’ என்ற அனுமானம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டுமா? இருப்பவர் கௌரவமாக நடப்பார், இல்லாதவர் தூண்டிவிட்டால் கெட்டுப்போவார் என்பதே அந்த அனுமானம். இன்றைய ‘சோம்பேறி’ப் பேச்சுக்கும் அதுதான் வேர்.

இப்போது டெல்டாவில் அறுவடை மெஷின்கள் ஓடுகின்றன. சீசனில் வாடகை ஏறினால் அதற்கு ‘டிமாண்ட்’ என்று பெயர். நடவுக்குப் போகும் பெண் சீசனில் கூடுதல் கூலி கேட்டால் பேராசை. நிலக்காரர் மகன் விவசாயத்தை விட்டுச் சென்னைக்குப் போனால் முன்னேற்றம், கூலிக்காரர் மகன் திருப்பூருக்குப் போனால் ஆள் பஞ்சம். செயல் ஒன்றுதான். செய்கிறவர் யார் என்பதைப் பார்த்துப் பெயர் மாறுகிறது.

2005இல் வந்த வேலை உறுதிச் சட்டம் நம் பெண்களுக்குக் கொடுத்தது கூலியை மட்டுமா? ‘இந்தக் கூலிக்கு வரமாட்டேன்’ என்று சொல்ல ஒரு பிடிமானத்தையும் கொடுத்தது. அதனால்தான் இவ்வளவு கோபம். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய புதிய சட்டம் 125 நாள் வேலை என்கிறது. கூடவே விதைப்பு, அறுவடைக் காலங்களில் மொத்தம் 60 நாள் வரை வேலையை நிறுத்தி வைக்கவும் வழி செய்கிறது. கூலி பேரம் பேச ஏற்ற நாட்களே அவைதான். வீடியோவில் கேட்ட வாக்கியம் இப்போது சட்டத்துக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது.

சிறு விவசாயியும் குத்தகைக்காரரும் கஷ்டப்படுவது உண்மை. அவர்களில் நம்மவர்களும் உண்டு. நெல்லுக்குக் கட்டுப்படியாகும் விலையும், நேரடி கொள்முதல் நிலையத்தில் மூட்டை நனைவதற்குள் கொள்முதலும் கேட்க வேண்டியது அரசிடம். அந்த நஷ்டத்தை நடவுக்காரம்மாவின் கூலியிலிருந்து ஈடுகட்டச் சொல்வது எந்தப் பொருளாதாரம்?

தோழர்களே, உங்கள் ஊரில் இந்த ஆண்டு நடவுக்கு என்ன கூலி, மெஷினுக்கு மணிக்கு என்ன வாடகை, ஒரு குடும்பத்துக்கு எத்தனை நாள் வேலை கிடைத்தது? மூன்றையும் விசாரித்து எழுதி வையுங்கள். புதிய சட்டப்படி எந்த 60 நாளை நிறுத்தப்போகிறார்கள் என்பதைக் கிராம சபையில் கேளுங்கள். பொருளாதாரம் பேச மைக் மட்டும் போதாது, கணக்கும் வேண்டும். அந்தக் கணக்கு சேரியில்தான் இருக்கிறது.