எங்க ஊர்ல இறங்குங்க பாஸ்!

"எந்த ஊரு?"னு காலேஜ்ல கேட்டா, "பென்னாகரம்"னு சொல்வேன். முழிப்பாங்க. "ஒகேனக்கல் பக்கம்"னதும், "அட, பரிசல், எண்ணெய்க் குளியல், மீன் வறுவல்!"னு ஆரம்பிச்சிடுவாங்க. தர்மபுரியிலிருந்து அருவிக்குப் போற பஸ் எங்க ஊர் வழியாத்தான் போகுது. டூரிஸ்ட் யாரும் இறங்குறதில்லை.

இறங்கினா, பாப்பாரப்பட்டிக்கு ஒரு நடை போயிட்டு வாங்க. சுப்பிரமணிய சிவா பாரதமாதா கோயில் கட்ட ஆசைப்பட்ட இடம். 1923-ல் சித்தரஞ்சன் தாஸ் அடிக்கல் நாட்டினார். சிறையில் தொழுநோய் வந்த சிவாவை ரயிலில் ஏறக்கூடாதுனு தடுத்தது வெள்ளைக்கார அரசு. மனுஷன் நடந்தும் மாட்டுவண்டியிலும் ஊர் ஊராப் போனார். 1925 ஜூலை 23-ல் பாப்பாரப்பட்டியிலேயே இறந்தார். நினைவிடம் அங்கேதான்.

இன்னொண்ணு. சுமார் 16 கி.மீ. தள்ளி காவிரி 'ஹோ'னு கொட்டுது. நாங்க குடிச்சதோ ஃபுளோரைடு கலந்த போர் தண்ணி! 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கினப்போ எனக்கு எட்டு வயசு. பல் முளைக்கும் முன்னாடியே எனாமல்ல ஏறின பழுப்புக் கறை, எந்த பேஸ்ட்டுக்கும் போகாது (எல்லா பிராண்டும் ட்ரை பண்ணியாச்சு!). குரூப் போட்டோவுல நான் வாயை மூடிக்கிட்டுத்தான் சிரிப்பேன். திட்டம் வந்த பிறகு பிறந்த என் தம்பி, எல்லாப் பல்லும் தெரிய இளிக்கிறான்.