கூட்டமாய் வாழும் மீனைத் தனியே வளர்க்கலாமா?

மீன் என்றதும் கோலா கெடாவில் முதலில் நினைவுக்கு வருபவை படகுத்துறையும் குழம்புச் சட்டியுமே. ஆயினும், அண்மைக் காலமாக நம் பிள்ளைகள் பலர் கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்க்க ஆசைப்படுகின்றனர். பிறந்தநாள் பரிசாகவோ, தேர்வில் நல்ல புள்ளிகள் பெற்றதற்கான வெகுமதியாகவோ பெற்றோரும் வாங்கித் தருகின்றனர். இது வரவேற்கத்தக்க பழக்கமே. ஆனால், அதைத் தொடங்குவதில் நாம் காட்டும் அவசரம் பற்றிச் சில கருத்துகளை முன்வைக்க விரும்புகிறேன்.

பெரும்பாலும் நடப்பது இதுதான். மாலையில் கடைக்குச் செல்கிறோம். உருண்டையான ஒரு கண்ணாடிக் குடுவை, கொஞ்சம் வண்ணக் கற்கள், நெகிழிப்பையில் இரண்டு மூன்று மீன்கள் என வாங்கி வருகிறோம். அன்றிரவே குழாய் நீரை நிரப்பி மீன்களை விட்டுவிடுகிறோம். இரண்டு வாரத்திற்குள் அவை ஒன்றன்பின் ஒன்றாகச் செத்து மிதக்கின்றன. "அழாதே, வேறு வாங்கித் தருகிறேன்" என்று பிள்ளையைத் தேற்றுகிறோம். உயிர் என்பது கெட்டுப்போனால் மாற்றிக்கொள்ளும் பொருள் என்ற பாடத்தை அந்த ஒரே வாக்கியத்தில் நாமே கற்பித்துவிடுகிறோம்.

அந்த மீன்கள் நோயால் இறப்பதைவிட நீரால் இறப்பதே மிகுதி. குழாய் நீரிலுள்ள குளோரின் மீனின் செவுள்களைத் தாக்கும். கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கியைச் சில துளிகள் சேர்த்தால் இத்தொல்லை தீரும். அடுத்தது அம்மோனியா. மீனின் கழிவிலிருந்தும் தின்னாமல் விட்ட தீனியிலிருந்தும் இந்நஞ்சு உருவாகிறது. ஆற்றிலும் குளத்திலும் நுண்ணுயிர்கள் இதனை முதலில் நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதிய தொட்டியில் அந்நுண்ணுயிர்கள் இரா. அவை வடிகட்டியிலும் கற்களிலும் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் பிடிக்கும். அதுவரை மீனில்லாத் தொட்டியில் வடிகட்டியை ஓடவிட்டு, நாள்தோறும் ஒரு சிட்டிகை தீனி மட்டும் இட்டு வரவேண்டும். காத்திருக்கும் இந்த ஒரு மாதமே பிள்ளைக்கு முதற்பாடம். கண்ணுக்குத் தெரியாத உயிர்களும் நமக்காக உழைக்கின்றன என்பதை இதைவிட எளிதாக எந்தப் பாடநூல் உணர்த்தும்?

இரண்டாவது, மீன்களின் எண்ணிக்கை. தொடக்கநிலையில் வளர்ப்போருக்கு ஏற்றவை சிறிய, சாதுவான, கூட்டமாக வாழும் மீன்கள். ஆனால் கூட்ட மீனை ஒன்றும் இரண்டுமாக வாங்குதல் அதனைத் துன்புறுத்துவதாகும். கூட்டமே அதற்குப் பாதுகாப்பு. துணையின்றி விடப்பட்ட மீன் நிறம் மங்கி, மூலையில் ஒடுங்கி, தீனியைத் தவிர்க்கும். ஆகவே, ஒரே இனத்தில் ஆறேனும் வேண்டும். எட்டோ பத்தோ இருப்பின் நன்று. வகைக்கு இரண்டாக ஐந்து வகை வாங்குவதைவிட, ஒரே வகையில் பத்து வாங்குவதே அறிவுடைமை. அதற்கு உருண்டைக் குடுவை போதாது. 60 செண்டிமீட்டர் நீளமுள்ள, ஏறத்தாழ 50 லிட்டர் கொள்ளும் தொட்டி தேவை. சிறிய தொட்டியைக் காட்டிலும் பெரிய தொட்டியைப் பராமரிப்பது எளிது. நீர் மிகுதியாக இருந்தால் நஞ்சு விரைவில் செறிவடையாது. வெப்பமும் சட்டென மாறாது.

எந்த மீனை வளர்க்கலாம்? கடைகளில் நீலச்சிவப்பாய் மின்னும் நியோன் டெட்ராவையே பலரும் நாடுகின்றனர். அது தென்னமெரிக்காவின் அமேசான் பகுதிக்குரியது. நம் மண்ணின் மீன் ஒன்று அருகிலேயே இருக்கிறது. ஹார்லிகுவின் ராஸ்போரா என்பது அதன் பெயர். செம்பு நிற உடல். நடுவுடலிலிருந்து வால்வரை குறுகிச் செல்லும் கறுப்பு முக்கோணம். வளர்ந்தாலும் ஐந்து செண்டிமீட்டரைத் தாண்டுவது அரிது. தீபகற்ப மலேசியாவின் சதுப்புக் காட்டு ஓடைகளில் வாழும் இம்மீனை 1904ஆம் ஆண்டில் செர்மானிய விலங்கியலார் டுங்கர் அறிவியல் உலகிற்கு விவரித்தார். அகன்ற இலைகளின் அடிப்பகுதியில் முட்டையிடும் அழகிய இயல்பும் இதற்குண்டு. உலகெங்கும் தொட்டிகளில் நீந்தும் இம்மீனின் தாயகம் இந்நாடு என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டாமா?

"தொட்டியைச் சுத்தம் செய்யும்" என்று கூறி விற்கப்படும் 'இக்கான் பண்டாராயா'வைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். விரலளவில் வாங்கும் அம்மீன் ஓரடிக்கு மேல் வளரும். வளர்ந்ததும் ஆற்றில் விடுவதைச் சிலர் புண்ணியமாகக் கருதுகின்றனர். அதன் விளைவாகவே தென்னமெரிக்க மீனான அது இன்று கிள்ளான், லங்காட் ஆறுகளில் பெருகி, உள்ளூர் மீன்களை நெருக்குகிறது. நம் கெடா ஆறுகளுக்கும் வயற்கால்வாய்களுக்கும் அந்நிலை வரலாகாது. வளர்க்க இயலாத மீனைக் கடைக்காரரிடமோ வேறு வளர்ப்பாளரிடமோ ஒப்படைப்பதே முறை.

"மீன்தானே, செத்தால் செத்துப் போகட்டும், பிள்ளைக்கு இறப்பும் ஒரு பாடம்தான்" என்பாரும் உளர். முதுமையால் நேரும் இறப்பு பாடம் என்பதை ஏற்கிறேன். நம் அவசரத்தால் நேரும் இறப்பு பாடமன்று. அது அலட்சியத்திற்கான பயிற்சி.

ஆசிரிய நண்பர்களே, வகுப்பறையில் தொட்டி வைப்பதாயின் முதலில் பணிப்பட்டியல் ஒன்றை எழுதுங்கள். தீனியிட ஒருவர், வெப்பநிலை குறிக்க ஒருவர், வாரந்தோறும் கால்பங்கு நீரை மாற்ற இருவர். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே தீனி இடவேண்டும். வார இறுதியில் பட்டினி கிடந்தாலும் நலமான மீனுக்குத் தீங்கில்லை. நீண்ட விடுமுறைக்கு மட்டும் பொறுப்பாளரை முன்னரே முடிவு செய்யுங்கள்.

பெற்றோரே, அடுத்த முறை பிள்ளை மீன் கேட்டால் தொட்டியையும் வடிகட்டியையும் மட்டும் வாங்கிக் கொடுங்கள். சுவரில் நாட்காட்டியை மாட்டி, ஆறு வாரங்களை அவர்கள் கையாலேயே ஒவ்வொரு நாளாக அடிக்கச் சொல்லுங்கள். அதன்பின் மீன் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள்.