ஏற்றமும் இறக்கமும்

வட இத்தாலியில் மலைகளின் நடுவே கிடக்கும் கோமோ ஏரி, தெற்கே இரு கிளைகளாகப் பிரிகிறது. அக்கிளைகள் பிரியும் முனையில் பெல்லாஜோ என்னும் ஊர் உள்ளது. அங்கிருந்து தெற்கு நோக்கி ஏறத்தாழ 10 கிலோமீட்டர் மேலேறும் சாலையே, மிதிவண்டியாளர் உலகெங்கும் அறிந்துள்ள கிசால்லோ பாதையாகும்.

ஏரி கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 200 மீட்டரில் உள்ளது. மலையுச்சியோ 754 மீட்டர். தொடக்கத்தில் பாதை வளைந்து வளைந்து செங்குத்தாய் ஏறுகின்றது. நடுவில் சில கிலோமீட்டர் தூரம் ஏற்றம் தணிந்துவிடும். துன்பம் தீர்ந்ததென்று எண்ணி அங்கே வலிமையைச் செலவழித்துவிடுவோர், இறுதியில் வரும் கடிய ஏற்றத்தில் தளர்ந்து போவர். பொறுமையுடன் தம் பலத்தைக் காத்துக்கொள்பவரே உச்சியை நலமே அடைவர்.

அந்த உச்சியில் தேவ அன்னையின் சிற்றாலயம் ஒன்று நிற்கிறது. கள்வரிடம் அகப்பட்ட கிசால்லோ என்னும் பிரபு, அங்கிருந்த அன்னையின் திருவுருவத்தை நோக்கி ஓடி உயிர் தப்பினார் என்று மரபு கூறுகின்றது. வழிப்போக்கர் பலர் அன்னையை நாடி வந்தனர். அவ்வூர்ப் பங்குக் குரு எர்மெலிந்தோ விகானோ அடிகளாரின் முயற்சியால், 1949-ஆம் ஆண்டில் பாப்பரசர் 12-ஆம் பத்திநாதர் இவ்வன்னையை மிதிவண்டியாளரின் பாதுகாவலியாக அறிவித்தார். பார்த்தாலி, கோப்பி போன்ற பெரும் வீரர்களின் வண்டிகள் ஆலயத்தினுள் காணிக்கையாக விளங்குகின்றன.

அவற்றிடையே நசுங்கிய வண்டியொன்றும் உண்டு. கோமோ வட்டாரத்தைச் சேர்ந்த ஃபாபியோ கசார்தெல்லி, 1992-இல் பார்சிலோனா ஒலிம்பிக்கில் தங்கம் வென்றவர். 1995 ஜூலை 18 அன்று பிரான்சு நாட்டுப் பந்தயத்தில், பிரெனே மலைச்சாலையில் வேகமாய் இறங்குகையில் விழுந்து மாண்டார். அவருக்கு வயது 24. இளம் மனைவியும் கைக்குழந்தையும் வீட்டில் இருந்தனர். அன்று அவர் தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. அணிந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. எனினும், மற்றொரு வீரரும் பந்தயத்தில் விழுந்து இறந்தபின், 2003-இல்தான் தொழில்முறைப் பந்தயங்களில் தலைக்கவசம் கட்டாயமாக்கப்பட்டது.

கிசால்லோவுக்கு அப்பால் சாலை, லாம்ப்ரோ ஆறு பாயும் பள்ளத்தாக்கு வழியே ஆசோ, எர்பா ஊர்களை நோக்கி இறங்குகிறது. ஏறும்போது உடல் வருந்தும். ஆயினும் வண்டி மெல்லவே செல்லும். இறங்கும்போது உடலுக்கு வருத்தமில்லை. ஆபத்தோ அங்கேதான் மிகுதி. ஆகவே, அன்னையிடம் மன்றாடி எழுந்தவர்கள், வண்டியின் பிரேக்குகளையும் ஒருமுறை சோதித்த பின்னரே இறங்க வேண்டும்.

பெற்றோரே, நம் பிள்ளைகள் மிதிவண்டியில் புறப்படுகையில் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்து அனுப்புகிறோம். அது நல்ல வழக்கம், அதனை விடலாகாது. அதே கையால் தலைக்கவசத்தின் வாரையும் இறுக்கி மாட்டி அனுப்புவோமாக. இறைவன் தந்த உயிரைப் பேணுவதும் அவருக்கு நாம் செலுத்தும் வணக்கமே அன்றோ?